மரம் விழுந்தது, அண்ணன் போகவில்லை

மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையை உரித்தால் கட்டைவிரல் நுனி காந்தும். விதைக்கு உரிப்பதென்றால் இன்னும் மோசம், பருப்பின் மேல்தோலில் கீறல் விழக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு காயாக மூக்கைப் பார்த்துத் தரையில் குத்தி உடைக்கவேண்டும், பொழுது சாய்ந்து சோற்றில் கை வைத்தால் குழம்பு பட்ட இடமெல்லாம் சுரீர் என்னும். இன்றைக்கும் எனக்கு விரல் எங்காவது காந்தினால் கூடவே காதில் இங்கிலீஷ் கேட்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நான் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன், எங்கள் ஆடுகளையும் சேர்த்துக்கொண்டு. படிக்கத்தான் போகவில்லை. இப்போதுகூட நான் பேசப் பேச எட்டாவது படிக்கும் என் பேத்தி எழுதுகிறாள், என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி ஆக்கிவிடுகிறாள், அதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் இங்கிலீஷில் இரண்டு சேதியை எப்படிக் கோப்பது என்று கேட்டால் அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை எனக்குக் கொடுத்தது எங்கள் சேகர் அண்ணன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஊரில் அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்த ஒரே ஆள் அண்ணன். பாங்கிக் குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தார். கணக்கெல்லாம் தண்ணீர் மாதிரி, இங்கிலீஷில் வந்து விழுந்துவிடுவார். வயது வரம்பு நெருங்கிவிட்டது, வரப்போகிற பரீட்சைதான் கடைசி. நான் மல்லாட்டையோடு உட்கார்ந்தால் அவர் ‘கைடு’ புத்தகத்தோடு எதிரே வந்து உட்காருவார், எழுந்து போகமுடியாத ஆள் ஊரிலேயே நான் ஒருத்திதானே.

“பாப்பா, ரெண்டு சேதி சொல்றேன். மழ பேஞ்சிது. கொட எடுத்துக்கினேன். நடுவுல இன்னா போடணும்?”

“மழ பேஞ்சிது, அதனால கொட எடுத்துக்கினேன்.”

“அதான் ‘சோ’. இப்பத் திருப்பிப் போடு. கொட எடுத்துக்கினேன், ஏன்னா மழ பேஞ்சிது. அது ‘பிகாஸ்’.”

“மழ பேஞ்சிது, கொட எடுக்கல.”

“அது ‘பட்’.”

“இந்த வூட்ல கொடயே கெடயாது, அதுக்கு இன்னா வார்த்த?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள். அண்ணன் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவார்.

எனக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. நம் பேச்சில் இதற்கெல்லாம் தனி ஆள் வேண்டாம், ‘பேஞ்சதால’, ‘பேஞ்சாலும்’, ‘பேஞ்சா’ என்று வாலிலேயே ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம். இங்கிலீஷ்காரன் அப்படியில்லை, இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் வரப்பு மேல் ஒரு ஆளை நிறுத்திவைக்கிறான். ‘அண்ட்’ சாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், யாரையும் எதுவும் கேட்காது. ‘பட்’ குறுக்கே காலை நீட்டும். ‘ஆல்தோ’ கொஞ்சம் ரோஷக்காரி, முதலிலேயே வந்து நின்றுகொள்வாள். ‘பிகாஸ்’ இருக்கிறதே, அது பஞ்சாயத்துக்காரன். யாரால் வந்தது என்று கேட்காமல் போகாது. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது நானே கோத்துப் பார்ப்பேன், ஆடு பயிரில் வாய் வைத்தது பிகாஸ் நான் தூங்கிவிட்டேன் என்று. வரப்பில் போகிறவர்கள் என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகத்தான் போனார்கள்.

நைனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். வெள்ளாமை இல்லாத மாதங்களில் கல்வராயன் மலைக்கு, கரியாலூர்ப் பக்கம், மரம் அறுக்கப் போய்ப் பழகியவர். மரம் அவர் சொன்ன பக்கம் விழும். அறுப்பதற்கு முன்னால் தள்ளிப்போய்த் தரையில் ஒரு முளைக்குச்சி அடிப்பார், விழுகிற மரம் அந்த முளைமேல் விழுந்து அதை மண்ணுக்குள் இறக்கவேண்டும். அறுப்புக்காரர்களுக்குள் அது ஒரு பந்தயம். நைனா தோற்று நான் கேட்டதில்லை. இன்னொன்று, பச்சைமரம் என்றால் அடியில் சூடம் கொளுத்தி ‘தாயே, பொறுத்துக்க’ என்று ஒரு கும்பிடு போடாமல் ரம்பத்தை வைக்கமாட்டார்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது அந்த வருடம்தான். நம் சாதியில் படித்த பிள்ளைகளுக்குத் தனி இடம் வேண்டும், கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். ரோட்டோர மரங்களை அறுத்துச் சாய்த்து மறிக்கப்போகிறோம், வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று தமுக்கடித்தார்கள். வராத வீட்டுக்கு அப்புறம் நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள், அதைத் தமுக்கில் சொல்லவேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். மறியலுக்கு மறுநாள் காலையில் அண்ணனுக்குச் சேலத்தில் பரீட்சை.

“நான் முன்னாடியே போயி சேலத்துல தங்கிக்கிறேன் நைனா,” என்றார் அண்ணன்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “யாருக்கோசரம் மறிக்கிறோமோ அவனே ஊர்ல இல்லன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க? ஒரு நாள்தான்டா மறியல். பெரியவங்களே சொல்லிட்டாங்க. ராவோட ராவா மரத்த இஸ்து ஓரமாப் போட்டுடுவாங்க. காத்தால மொத பஸ்ஸுக்குப் போயேன்.”

“ஒரு நாள்ல வுட்டுடுவாங்களா?”

“சொன்னா சொன்னதுதான். நம்ம ஆளுங்க.”

அம்மாவும் அதையே சொன்னாள். நானும் தலையாட்டினேன், என் தலைக்கு அங்கே என்ன விலை, அது வேறு. அண்ணன் தங்கிவிட்டார்.

மறியல் அன்று ஊரே ரோட்டில். சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற புளியமரத்தை நைனாவிடம் விட்டார்கள், நாலு பேர் கட்டிப்பிடித்தாலும் கைக்கு எட்டாத மரம். அவர் ரோட்டைக் கடந்து போய் எதிர்ப்பக்கத்து ஓரத்தில் முளை அடித்ததும் ஜனங்கள் விசில் அடித்தார்கள். சூடம் கொளுத்தவில்லை, அன்றைக்கு யாருக்கும் அந்த நினைப்பு இல்லை. ரம்பம் ஏறி இறங்க மரத்தூள் ஈரமாகக் காலில் ஒட்டியது. மரம் ஒரு தரம் முனகி, மெல்லச் சாய்ந்து, ரோட்டை அடைத்துக்கொண்டு முளைமேல் விழுந்தது. பிஞ்சும் இலையுமாக எங்கள் தலையிலெல்லாம் கொட்டியது. நைனாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அண்ணனும் கைதட்டினார், நான் பார்த்தேன்.

சாயங்காலம் சேதி வந்தது. மறியல் ஒரு நாளோடு நிற்காது, வாரம் பூராவும் என்று. மரத்தை யாரும் தொடக்கூடாது என்று.

விடிவதற்குள் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நைனா கூடவே போனார், தூக்குவாளியில் கஞ்சியோடு நானும் பின்னால் ஓடினேன். புளியமரம் படுத்திருந்த இடத்தில் சைக்கிளை ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் நைனாவும் பிடித்து, கிளைக்குக் கிளை கால் வைத்து ஏறி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். அறுத்த இடம் அதற்குள் கறுக்க ஆரம்பித்திருந்தது.

“ஜாக்கிரதயாப் போ,” என்றார் நைனா. அவ்வளவுதான்.

அன்று இருட்டுகிற நேரத்தில் அண்ணன் திரும்பி வந்தார். செயின் அறுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. சின்னசேலம் வரைக்கும் ரோடு முழுக்க மரம். அந்தந்த ஊர்க்காரர்கள் அவரவர் மரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் பரீட்சைக்கு என்றாராம். ஒரு பெரியவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, “அட, ஒனக்கோசரம்தானப்பா ஒக்காந்துக்கினு இருக்கோம், நீ எங்க ஓடற?” என்று கேட்டாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். கெஞ்சிக் கூத்தாடி ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலும் இல்லை.

இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நைனா ரம்பத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவிய இடத்தையே தடவினார். அம்மா சோற்றைப் போட்டாள். நான் மனதுக்குள் அந்த இரண்டு சேதியையும் வைத்துப் பார்த்தேன். நைனா மரத்தை அறுத்தார். அண்ணன் பரீட்சை எழுதவில்லை. நடுவில் வந்து நிற்க ‘அண்ட்’, ‘சோ’, ‘பிகாஸ்’ என்று அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள், நான் ஒருவரையும் விடவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் நான் மல்லாட்டையோடு உட்கார்ந்தேன், எதிரே யாரும் வரவில்லை.

ஒதுக்கீடு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வருவதற்குள் அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது. சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரி வந்த நேரம் போன நேரம் குறிக்கிற வேலையில் சேர்ந்து அதிலேயே நரைத்தார். என் மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது அந்த ஒதுக்கீட்டில்தான். மரம் விழுந்ததால்தான் உன் பிள்ளை படித்தாள் என்று ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். அண்ணன் எதிரில் அதற்கு நான் தலையாட்டியதில்லை.

நைனாவோ சாகும்வரைக்கும் டீக்கடையில் அந்த மரத்தின் கதையைச் சொன்னார். எவ்வளவு பெரிய மரம், எங்கே முளை அடித்தேன், எப்படி இறங்கியது என்று கையை நீட்டிக் காட்டுவார். “சேகரு, நீயும் அங்கதான நின்னுக்கினு இருந்த, சொல்லேன்டா,” என்பார். அண்ணன் டீயை வைத்துவிட்டு, “ஆமா நைனா. முளை மேலயேதான் வுழுந்துச்சி,” என்பார்.

இப்போது அந்த ரோட்டில் புளியமரம் ஒன்றுகூடக் கிடையாது. மறியலில் தப்பியதை ரோடு அகலமாக்க வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள், சுமைதாங்கிக் கல்லும் போய்விட்டது, நடுவில் அரளிச்செடி வைத்துத் தண்ணீர் லாரியில் ஊற்றுகிறார்கள். பஸ் நிற்காமல் சேலம் போகிறது. போன மாதம் பேத்தி வாக்கியம் சேர்க்கிற பாடத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். எல்லாம் மறந்துபோச்சும்மா, உங்க ஆயாவக் கேளு என்று என்னிடமே அனுப்பிவிட்டார்.

நைனா போனபிறகு டீக்கடையில் மரத்தின் கதையை அண்ணன் சொல்கிறார். புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், அவராகவே ஆரம்பித்துவிடுவார். நைனா மாதிரியே கையை நீட்டுவார். முளை அடித்தது, ஜனங்கள் விசில் அடித்தது, மரம் சாய்ந்தது எல்லாம் வரும். முளை மேலயே வுழுந்துச்சி என்பார். கேட்டுக்கொண்டிருக்கிறவன், அப்புறம் என்பான்.

அண்ணன் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.