பேரில்லாத கற்றை

துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த ஆறுமுகத்தாய், நாற்பத்தாறாம் வருஷம் அடைமழைக்கு முன்னால் ஒரு பட்டாளத்துக் கோட்டு வாங்கினாள். துணிக்கு ரேஷன் இருந்த காலம். சண்டையில் மிஞ்சிய உடுப்புகள் சந்தையில் குவிந்து கிடந்தன. அவளுடைய ஒரே மகன் அய்யாக்குட்டி பர்மா எல்லையில் பட்டாளத்துக்கு ரோடு போடப் போனவன். இரண்டு வருஷமாகக் கடுதாசி இல்லை.

போட்ட முதல் நாளே விலாவில் ஏதோ உறுத்தியது. வீட்டுக்கு வந்து உள்துணியைப் பிரித்தாள். மெழுகுத்துணிப் பொட்டலம் ஒன்று விழுந்தது. அதில் ஆறு மயிர்க்கற்றைகள். ஐந்தில் சிப்பாய்கள் கழுத்தில் போடும் பெயர்வில்லை கோத்திருந்தது. ஆறாவதில் வெறும் நூல். ஒரு கற்றையில் தோலும் ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் வெகுநேரம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியின் கிளார்க் ஜெபசீலனிடம் காட்டினாள். செத்தவர்களின் வீட்டுக்கு அனுப்பலாம் என்று யாரோ எடுத்து வைத்திருக்கிறான், அவனும் செத்திருக்க வேண்டும் என்றார் அவர். வில்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அய்யாக்குட்டி பெயர் இல்லை.

"பேரில்லாதது யாருதுய்யா?"

"அது ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"எம் மவனுக்கும் இப்படித்தான் சுருட்டை முடி."

ஊரில் பாதிப் பேருக்குச் சுருட்டை முடிதான். ஜெபசீலன் அதைச் சொல்லாமல் மனு எழுதிக் கொடுத்தார்.

பட்டாள ஆபீசில் ஐந்தை வாங்கிக்கொண்டார்கள். ஆறாவதற்குப் பேரும் இல்லை, நம்பரும் இல்லை, யாருக்கென்று எழுதுவது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். மகனைப் பற்றிக் கேட்டாள். செத்தவர் பட்டியலிலும் அவன் இல்லை, திரும்பியவர் பட்டியலிலும் இல்லை.

"ஏளா, அதையே அவன்னு நெனச்சுக் கருமாதியை முடிச்சிரு. இப்படியே எத்தனை நாளைக்குச் சீரழிவ?" என்றாள் அக்கா சீனித்தாய்.

ஒரு விடியற்காலையில் ஆறுமுகத்தாய் அந்தக் கற்றையைக் கைக்குள் பொத்திக்கொண்டு கடலில் இடுப்பளவு இறங்கி நின்றாள். கையை விரித்தால் மகன் செத்துப் போவான். அவன் முடி இல்லையென்றால், எவளோ பெற்ற பிள்ளைக்குத் தான் தலைமுழுகியதாகும். அந்தத் தாயும் எங்கேயோ கடுதாசிக்குக் காத்திருப்பாள். அலை வந்து வந்து போனது. கை விரியவில்லை.

கற்றையை முந்தியில் முடிந்துகொண்டு ஈரச்சேலையோடு வேலைக்குப் போனாள். வேலைச் சங்கு ஊதி வெகுநேரமாகியிருந்தது. ஏன் பிந்தினாய் என்று மேஸ்திரி கேட்டதற்கு, முந்தி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு நிலக்கரிக் கூடையைத் தூக்கினாள்.