பீடிக்கு ஒரு விட்டமின்

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக, ஒரு நல்ல காரியத்தின் நடுவில் நான் சண்டை போட்ட கதையைச் சொல்கிறேன்.

ஏற்றத்தில் இழுத்த கால்

முத்தையா எங்கள் தோட்டத்து ஸ்டோரில், தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். தங்கமான மனிதர். வாயில் பீடி மட்டும் அணையவே அணையாது. மேட்டிலிருக்கும் லயத்து வீட்டுக்கு ஏறும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று ஒருநாள் வந்தார். பாதத்தைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. நாடியைத் தேடினேன், அகப்படவில்லை. எனக்குப் பகீரென்றது.

"அண்ணே, பீடியால ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும் போல. துண்டு எழுதித் தாறேன், பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இப்படியே விட்டா காலையே எடுக்க வேண்டி வரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மிஸ்ஸி. மவன் கட்டார்ல இருந்து விட்டமின் அனுப்பியிருக்கான். ரத்தக் குழாய்க்கு நல்லதாம். ஒரு பீடிக்கு ஒரு குளிசை. அழுக்குக்கு சவுக்காரம் போடுற மாதிரி."

"விறகைப் போட்டுக்கிட்டே தண்ணி தெளிச்சா அடுப்பு அணையுமா?"

"என் அடுப்பா? அணைய விட்டுருவனா!" என்று பெருமையாகச் சிரித்தார். துண்டை வாங்கிக்கொண்டு போனவர் பதுளைப் பக்கமே போகவில்லை.

பரிசத் தட்டு

கொஞ்ச நாளில் அவருடைய மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பண்டாரவளையிலிருந்து வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். வந்தவர்களுக்குத் தட்டு நீட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை, பாக்கு, பீடி. அன்று பீடிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறக் குளிசைகளும் இருந்தன.

அந்த வீட்டு மரியாதை போலிருக்கிறது என்று எல்லோரும் பீடியோடு ஒரு குளிசையும் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை அதை வெற்றிலையில் வைத்து மடித்து மென்றுவிட்டு, "என்னாங்க, ஒங்க ஊர் பாக்கு இந்தப் புளி புளிக்குது?" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திரும்பினால், மாப்பிள்ளை ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கண்ணில் நீர் வர இருமுகிறார்.

"தம்பி, பீடி குடிப்பீங்களா?"

"இல்லீங்க மிஸ்ஸி, இதான் மொதத் தடவ. குளிசை இருக்குறப்ப பயமில்லன்னு மாமா சொன்னாரு."

எனக்கு வந்ததே கோபம்!

"அண்ணே! ஒங்க கால்தான் போவப் போவுதுன்னு நெனச்சேன். மாப்பிள்ளைக்கும் பழக்கி விடுறீங்களே, நாளைக்கு யாருங்க ஒங்க மகளைப் பாக்குறது? குளிசை எதையும் கழுவாது. சில விட்டமின் பீடி குடிக்கிறவங்களுக்குக் கெடுதியே பண்ணும்."

முத்தையா மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையின் விரலிலிருந்த பீடியை மெதுவாகப் பிடுங்கினார். தட்டிலிருந்த பீடியையும் குளிசையையும் அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார்.

"மன்னிச்சிக்கங்க மாப்பிள்ள," என்றவர் என்னிடம் வந்தார். "அந்தத் துண்ட சட்டையோட தொவச்சிட்டாங்க மிஸ்ஸி. வேற ஒண்ணு எழுதித் தாங்க."

பதுளை டாக்டரும் ரத்தக் குழாய் சுருக்கம் என்றுதான் சொன்னார். நல்லவேளை, காலை எடுக்கும் அளவுக்குப் போகவில்லை. மருந்து கொடுத்தார். பீடியை அடியோடு விடச் சொன்னார். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொன்னார். பீடியை விட மனிதர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டில் எரிந்து விழுந்தார், ஒரு தடவை மறுபடியும் பிடித்துவிட்டு என்னிடம் வந்து அழுதார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கோவில் மேட்டில் தானே ஏறினார். பார்த்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிள்ளைகளே, அந்தக் குளிசை வீண் செலவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பீடியே தொடாத ஒரு பையனின் பயத்தை அது போக்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, யார் விட்டமின் சாப்பிடுகிறேன் என்றாலும் முதலில் "பீடி குடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்பேன்.