நூறாவது அட்டையில் இருந்தவன்

லண்டனுக்கு வந்த இத்தனை வருடத்தில் பேஸ்போல் விளையாடும் ஒருவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை. இந்த ஊருக்குத் தேவைப்படாத விளையாட்டு அது. இருந்தும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமை தவறாமல் தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறி, குரொய்டன் பக்கத்துச் சந்தையொன்றில் ரொன் என்ற வெள்ளைக்காரர் போட்டிருந்த கடைக்குப் போவேன். ஒரேயொரு அமெரிக்க ஆட்டக்காரரின் படம் அச்சடித்த, ரசிகர்கள் சேகரிக்கும் அட்டைகள்தான் எனக்கு வேண்டும். ரொன் நல்ல மனிதர், ஆனால் என்னை அவரால் கடைசிவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் பெட்டியின் அடியிலிருந்து மிகக் கவனமாக ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். ஆட்டக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை அடிக்கிறார். "லேசில் கிடைக்காதது" என்றார். "முகம் தெரியவில்லையே, வேண்டாம்" என்றேன். என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தவர், "நீ எந்த அணியின் ரசிகன்?" என்று கேட்டார். எனக்கு ஓர் அணியின் பெயரும் தெரியாது. அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். பெரிய ரசிகன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டான் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

முதல் அட்டை நான் வேலை செய்த, கார்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில் கிடைத்தது. யாரோ பர்ஸைத் திறந்தபோது விழுத்திவிட்டுப் போயிருந்தார். குனிந்து எடுத்தேன். தொப்பிக்குக் கீழே என் தம்பி குகன் சிரித்துக்கொண்டிருந்தான். அதே ஒடுங்கிய நாடி, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறும் உதடு. பின்பக்கத்தை வாசித்தேன். கரீபியன் கடலில் ஏதோவொரு தீவில் பிறந்தவராம். இவரும் நம்மைப்போல் தீவுக்காரர்தான் என்று ஒரு முட்டாள் சந்தோசம் வந்தது.

குகன் எண்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்தில், பத்தொன்பது வயதில், ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன். சைக்கிள் மட்டும் ஒரு சந்தியில் கிடந்தது. செத்தான் என்று எவரும் சொல்லவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அவனுக்குத் திவசமும் இல்லை, பொட்டு வைத்த படமும் இல்லை. அடுத்த வருடம் என்னை விமானமேற்றிய ஏஜென்சிக்காரன், திருப்பி அனுப்ப முடியாதபடி பாஸ்போர்ட்டைக் கிழித்து விமானக் கழிப்பறையில் போடு என்றான். பாஸ்போர்ட்டை மட்டுந்தான் சொன்னான். பயந்தாங்கொள்ளியான நான் பர்ஸில் இருந்த தம்பியின் படத்தையும் சேர்த்துக் கிழித்தேன். பிறகு போரில் வந்த இடப்பெயர்வில் வீட்டு அல்பமும் போயிற்று. அவன் முகம் மிஞ்சியிருந்தது அம்மாவின் நினைவிலும் என் நினைவிலும் மட்டுந்தான். வருடா வருடம் புது அட்டைகள் வந்தன. ஆட்டக்காரருக்கு மீசை வந்தது, கன்னம் சதை போட்டது. அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் குகனையும் வளர்த்தேன்.

நூறாவதாக வந்தது அவருடைய முதல் வருட அட்டை. மீசையில்லை, பத்தொன்பது வயது. அமெரிக்காவிலிருந்து அதைத் தருவித்த ரொன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தேநீரும் வாங்கித் தந்தார். "இனித் தேட வேண்டியதில்லை, நண்பா" என்றார். பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். அதற்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன்.

அந்தக் கோடையில் அம்மா கொழும்பிலிருந்து விசிட் விசாவில் வந்தார். நான் வாய் திறக்காமல் காத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கிட்டப் போய் நின்றார்.

"ஆர் ராசா இது?"

"எங்கட குகன் மாதிரி இல்லையோ அம்மா?"

"சீ, அவன்ர முகம் இது இல்லை."

மற்ற அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இல்லை இல்லை என்று தலையாட்டினார். விமானத்தில் நான் செய்ததை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் அட்டைகளை அடுக்கி என் பக்கம் தள்ளினார். அப்படியானால் இத்தனை வருடமும் நான் யாரைத் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

நாலாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"ராசா, அந்தப் படத்தைக் கழட்டு. கண்ணை மூடினா எனக்கும் இப்ப அந்தத் தொப்பிக்காரன்தான் வாறான். குகன்ர முகம் வருகுதில்லை."

உடனே கழற்றினேன். அம்மா இருந்த ஆறு மாதமும் அட்டைகள் அலுமாரிக்கு மேலே கிடந்தன. நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் திரும்பிப் போய்ச் சில வாரங்களில் ரெலிபோன் எடுத்தார்.

"குகன் கனவில வந்தவன் ராசா."

"என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் படத்தில இருந்த தொப்பியோட ஒரு பெரிய புல்லுத் தரையில நிண்டவன். அது யாழ்ப்பாணமும் இல்லை, உன்ர லண்டனும் இல்லை."

"நீங்கள் கூப்பிடேல்லையோ அம்மா?"



"என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது ராசா?"