காயாத சட்டை

காமிக்ஸ் எழுத்தாளர் ஏசுபாதத்தைப் பற்றி எழுதித் தரச்சொல்லிப் பதிப்பாளர் நிகில் என் தலையில் கட்டிவிட்டான். தொகுப்பின் பின்னட்டைக்கு 'எழுத்தாளர் குறிப்பு' வேண்டுமாம், அரைப் பக்கம் போதுமாம். அரைப் பக்கத்தில் அடங்குகிற மனுஷரா அவர்? ஆரம்பத்திலிருந்தே அவர் கதைகளுக்குப் பலூன் நிரப்புகிறவள் நான். பலூன் என்றால் படத்தில் ஆட்கள் பேசுகிற வசனம் வருமே, அந்த வட்டம். எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர், அந்த வட்டத்துக்குள் எழுத்தைக் கொண்டுபோய் உட்காரவைக்கப் பெருங்களத்தூரில் நான் ஒருத்தி. என் பெயர் எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்: சந்திரிகா.

ஏசுபாதம் சார் இரும்புலியூர்க்காரர். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் பில் போடுவது பிழைப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பில்லுக்குப் பின்பக்கமே கதை. முதல் புத்தகம் 'வேற்றுக்கிரக வெங்கடேசன்'. பச்சை நிற மனிதன் ஒருவன் தாம்பரம் ஸ்டேஷனில் வந்திறங்கி ரேஷன் கார்டுக்கு அலைகிற கதை. பாவம், வெங்கடேசன் பூமிக்கு வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் தெரியாது. அடுத்து வந்த 'பச்சை சிக்னல்' ரயில் பேய்க்கதை, சுமாராகப் போயிற்று. மூன்றாவதுதான் 'ஏரிக்காவலன்'. ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மழை வந்தால் அந்த ஏரியில் எப்போதோ மூழ்கிச் செத்தவர்கள் கேட்டுக்கு வந்து ஏரியைத் திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் வாட்ச்மேன் காத்தான் கண்ணுக்கு மட்டும் தெரிவார்கள். அவன் நயமாகப் பேசி, சில சமயம் அதட்டி, அவர்களைத் திருப்பி அனுப்புவான். இவ்வளவுதான் கதை, ஆனால் படித்துவிட்டு மழை நாளில் நானே கேட்டைத் திறக்கப் பயந்திருக்கிறேன்.

படம் வரைகிற தட்சிணாமூர்த்தி தென்காசியில் இருக்கிறார். இவரும் அவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. கற்பனையிலிருந்து முகம் வரைய அவருக்கு வராது, "மூஞ்சி அனுப்புங்க சார்" என்று கேட்பார். இவரும் கண்ணில் படுகிறவர்களைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவார். வெங்கடேசனுக்கு டீக்கடைக்காரர் முகம். ரயில் பேய்க்குச் சொந்த மாமியார் முகம். புத்தகம் வந்த அன்று மனைவி ஷீலா அவரை என்ன பாடு படுத்தினாள் என்பதை இங்கே எழுத முடியாது.

காத்தானுக்கு முகம் கொடுத்தது பாலு. பள்ளிக்கூடத்திலிருந்து ஏசுபாதம் சாருக்குச் சிநேகிதன். அனகாபுத்தூரில் வீடு, மோட்டார் ரிப்பேர் பார்ப்பது, வீடுகளில் தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டி கழுவுவது வேலை. அன்றைக்கு ஒரு வீட்டில் தொட்டி கழுவிவிட்டு அப்படியே கடைக்கு வந்தவனை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். தலையும் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தன. இவர் அனுப்பியது முகத்துக்கு. தென்காசிக்காரரோ தண்ணீரையும் சேர்த்து வரைந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் காத்தான் சட்டையில் தண்ணீர் சொட்டுகிறது. மொட்டை மாடியில், சுட்டெரிக்கிற வெயிலில் நிற்கிறான், அப்போதும் சொட்டுகிறது!

"என்ன சார் இது கூத்து?" என்று போனில் கேட்டதற்கு, "போட்டோல நனைஞ்சுல்லா சார் இருந்தாரு? நீங்க அப்படித்தான் கேக்கியன்னு நெனச்சேன்" என்றார் தட்சிணாமூர்த்தி. திருத்த நேரமில்லை, அச்சுக்குப் போய்விட்டது. 'ஏரிக்காவலன்' தொடரின் இரண்டாம் புத்தகத்தில் ஏசுபாதம் சார் சமாளித்து ஒரு வரி எழுதினார்: காத்தானுக்கு ஏரியோடு ஒப்பந்தம், அவன் சட்டை காயவே காயாது. நான்தான் அந்தப் பலூனை நிரப்பினேன். வாசகர்கள் அந்த வரியைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பாலு புத்தகத்தை அனகாபுத்தூர் முழுக்கக் காட்டி அலப்பறை பண்ணினான். கடைக்கு வந்தும் கலாய்த்தான்.

"இன்னா மச்சான், ஹீரோன்ற, தொவட்டிக்க ஒரு துண்டு குட்க்க மாட்டியா? குளிருதுடா!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருஷ மழையில் அடையாறு பெருகி அனகாபுத்தூருக்குள் வந்தது. பாலு தன் தெருவிலிருந்த வயசானவர்களையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மாடியில் ஏற்றிவிட்டான். பிறகு யாரோ கட்டிப்போட்டு மறந்த ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனான். ஆடு வந்துவிட்டது. அவன் வரவில்லை. எங்கெங்கோ தேடினார்கள், உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஏசுபாதம் சார் பழைய ஏசுபாதம் சார் இல்லை. மழை தொடங்கினால் வாசல் கதவை ஒருக்களித்து வைத்து, கேட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டுவைப்பார். படியில் ஈரக் கால்தடம் பார்த்தேன் என்பார். ஷீலா துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள், அவளும் அதைப் பார்த்தாளா என்று நான் கேட்டதில்லை. "நான்தான் சந்திரிகா அவனை நனைய வெச்சேன். காயவே காயாதுன்னு நான்தானே எழுதினேன்?" என்று என்னிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. "அடையாறு காமிக்ஸ் படிக்குமா சார்? சும்மா இருங்க" என்று சத்தம் போட்டேன்.

சத்தம் போட்டவளையும் ஒருநாள் அது பிடித்துக்கொண்டது. ஒரு புத்தகத்தில் நடுவே சில பக்கங்கள் காத்தானே இல்லாத காட்சி. ஒரு கல்யாண மண்டபம், பந்தி நடக்கிறது. பலூன் நிரப்ப உட்கார்ந்தால், பந்தியின் கோடியில், தூணுக்குப் பின்னால், நனைந்த சட்டையோடு அவன் நிற்கிறான். தென்காசிக்குப் போன் போட்டேன். "சார் எழுதி அனுப்பினதைத்தானே வரைஞ்சேன்?" என்றார் அவர். ஏசுபாதம் சார் எழுதியதை நான் வரிவரியாகத் தேடிப் பார்த்தேன். காத்தான் பெயர் அதில் இல்லவே இல்லை. அந்தப் படத்தை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்படியே அச்சாயிற்று.

இவ்வளவு பயந்தவர் அந்தத் தொடரை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நானும் கேட்டேன். வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, இதோடு முடித்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் பாலுவின் மனைவி கங்கம்மாவிடம் போனார். கங்கம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படத்தின் மேல் விரலை ஓட்டி, "நல்லாத்தான் கீறாரு" என்றாளாம். அவ்வளவுதான், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பிவிட்டார். உடல் கிடைக்காததால் அவள் பொட்டை அழிக்கவில்லை, பூவை எடுக்கவில்லை. "அப்பா போட்டோக்கு ஒரு மாலையாவது போடலாம்மா" என்று மகன் சூர்யா கெஞ்சினால் அடிக்க வருவாள். புருஷன் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அவளுக்கு இந்தப் புத்தகம்தான், இதையும் பிடுங்கக்கூடாது என்று இவர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். அதற்காகவே பத்து வருஷம் எழுதினார். ஒவ்வொரு புத்தகத்தையும் அவரே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்.

சில மாதங்களுக்கு முன் நிகில் அவரைப் போனில் கூப்பிட்டான். "சார், சேல்ஸ் டல்லா இருக்கு. லாஸ்ட் இஷ்யூ ஒண்ணு போட்டு, எல்லாத்தையும் சேர்த்து ஒரே புக்கா கொண்டு வந்துடலாம். காத்தான் சாகணும் சார், அப்பத்தான் ரீடர்ஸுக்கு ஒரு முடிவு கிடைக்கும்."

"அவனை நான் இன்னொரு தரம் கொல்ல மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார் ஏசுபாதம் சார். அதோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஷீலா என்னைக் கூப்பிட்டு அழுதாள். தொடரை முடித்தால் கங்கம்மாவுக்குப் புருஷன் போய்விடுவான். முடிக்காவிட்டால் இவளுக்குப் புருஷன் போய்விடுவார் போலிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! "எழுந்திருங்க சார், அந்தம்மாவையே கேட்டுடலாம்" என்று ஆட்டோவில் ஏற்றி அனகாபுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

கங்கம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். இவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். புத்தகம் நிற்கப்போகிறது, உனக்காகத்தான் இதுவரை எழுதினார், இப்போது உன்னை நினைத்துத் தவிக்கிறார் என்றேன். அவள் ஏசுபாதம் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்காகவாண்ணா எய்திகினு இருந்த? நீ மனசு கஷ்டப்படுவியேன்னு இல்ல நான் வாங்கி வெச்சிகினு இருந்தேன்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருஷம்!

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத" என்றாள். "எத்தினி வருசமா அவரை அந்தத் தண்ணிலயே நிக்க வெச்சிகினு கீற? ஒரு பக்கத்துலயாவது அவரு உக்காந்தாரா? ஒரு வாய் சோறு துண்ணாரா? புக்கைத் தொறந்தா நனைஞ்சிகினே நிக்கறாரு. அப்பறம் எப்டி எனுக்கு மாலை போட மனசு வரும்? நின்னுகினு கீறவருக்கு எவளாவது மாலை போடுவாளா? அவரை வூட்டுக்கு அனுப்புண்ணா."

ஏசுபாதம் சார் குடிக்காத சொம்பைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வீட்டுக்கு வந்தா பாலு என்ன சொல்லுவான், கங்கம்மா?"

"இன்னா சொல்வாரு? தெனிக்கும் சொல்றதுதான். தொட்டி கழுவிட்டு வந்து வாசல்லயே நின்னுகினு, 'கங்கா, துண்டு குடு'ன்னுவாரு."

அதைக் கேட்டதும் அவர் வாய்விட்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் புத்தகத்தை ஒரே வாரத்தில் எழுதி முடித்தார். காத்தான் சாகவில்லை. மூழ்கியவர்கள் எல்லாரையும் அனுப்பிவிட்டு, கேட்டைப் பூட்டி, சாவியை ஏரிக்கே எறிந்துவிட்டுத் தன் வீட்டுக்கு நடக்கிறான். கடைசிக்கு முந்தின படத்தில் வாசலில் ஈரமாக நிற்கிறான், அங்கே பலூன் உண்டு. கடைசிப் படத்தில் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறான். 'சட்டை காய்ந்திருக்க வேண்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கை பழக்கத்தில் துளி போட்டுவிடுகிறது என்று சொல்லித் தட்சிணாமூர்த்தி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தாராம். அதற்குப் பலூன் கிடையாது, எனக்கு அங்கே வேலை இல்லை.

புத்தகம் வந்ததும் நாங்கள் இருவரும்தான் கொண்டுபோனோம். கங்கம்மா கடைசிப் பக்கத்துக்கே போனாள். அவன் வாசலில் நிற்கிற படத்தின் பலூனுக்குள் விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். "கங்...கா. துண்...டு. கு...டு."

எழுந்து போய்க் கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்து வாசலுக்கு நேராக நின்றாள். வாசலில் யாருமில்லை, வெறும் வெயில்தான். பிறகு புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தாள், காய்ந்த சட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"வந்துட்டாரு" என்றாள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"டேய் சூர்யா, பஜாருக்குப் போயி உங்கப்பாவுக்கு ஒரு மாலை வாங்கினு வாடா."