விக்கி விக்கி வந்த டயல் டோன்

தெருவில் அவனுக்கு ‘மோடம் டாக்டர்’ என்று பெயர். லினக்ஸ் கணினியில் தொலைபேசிக் கம்பி வழியே வரும் டயல்-அப் இணைய இணைப்பு படுத்துக்கொண்டால் எழுப்பிவிடும் கைராசிக்காரன். அந்த வாரம் அவன் வீட்டு மோடமே மக்கர் செய்தது. வெளியூரில் நோயாய்க் கிடந்த அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்குமோ என்று அவன் தவித்துக்கொண்டிருந்தான். ‘டயல் டோன் இல்லை’ என்றே திரை அடம்பிடித்தது. ரிசீவரை எடுத்துக் கேட்டால் டோன் வந்தது, ஆனால் விக்கி விக்கி வந்தது.

“ஊருக்கெல்லாம் வைத்தியம், வீட்டு நோய்க்கு மருந்தில்லையாக்கும்!” என்று மனைவி சீண்டினாள்.

டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும்படி மோடத்துக்கு ஒரு கட்டளை எழுதினான். இணைப்பு கிடைத்தது. அக்காவின் அஞ்சல் மட்டும் இல்லை. அவளுக்கு ஏதோ கோபம் போல என்று இருந்துவிட்டான். அந்த வாரமே அக்கா போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பியவன், தொலைபேசி அலுவலகத்தில் அந்த விக்கலைப் பற்றிப் புகார் சொன்னான்.

“லைன் நல்லாத்தான் இருக்கு சார்” என்றாள் அங்கிருந்த பெண். “லைன் பிஸியா இருந்தப்ப யாராவது குரல் பதிவு விட்டிருந்தா டோன் அப்படித்தான் விட்டு விட்டு வரும். நீங்க கேட்கலையா?”

வீட்டுக்கு ஓடிவந்து, ரிசீவரை எடுத்து அந்தப் பதிவைக் கேட்டான்.

“தம்பி, டைப் அடிக்க விரல் வரலடா. ஃபோன் பண்ணா எப்பவும் உன் லைன் பிஸி. ஒரு எட்டு வந்து முகத்தைக் காட்டிட்டுப் போயேன்.”

“யாருங்க ஃபோன்ல?” என்றாள் மனைவி.

“அக்கா” என்றான்.