தோட்டாக் கருவியின் விலை

காரைக்குடித் துப்பாக்கிக் கடைக்காரருக்கு ஒரு பக்கப் புருவமே கிடையாது. எதை விற்பதற்கு முன்பும் வந்தவரின் விரல்களை முகர்ந்து பார்ப்பார்.

எழுபதுகளில் மானகிரியில் என் கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப்போட்டன. அவற்றை விரட்ட வைத்திருந்த துப்பாக்கிக்காக, சுட்ட தோட்டாவில் மறுபடி மருந்தடைக்கும் கைக்கருவி வாங்கப் போனேன். விலை முப்பது ரூபாய். பணத்தை நீட்டிய என் கையை முகர்ந்தார்.

“பீடி குடிப்பீகளோ?”

“எப்பவாச்சும்.”

“வெடிமருந்தும் பீடியும் ஒரு வீட்ல இருக்கப்படாது. அத விட்டுட்டு வாங்க, தாரேன்.”

திட்டிக்கொண்டே திரும்பினேன். வேறு கடை இல்லை, பன்றிகளும் விடவில்லை. அடுத்த விதைப்புக்குள் பீடியை விட்டுத் தொலைத்தேன். மறுபடி போனபோது விரலை முகர்ந்துவிட்டுக் கருவியை எடுத்துத் தந்தார்.

அது துருப்பிடித்து வெகுகாலமாயிற்று. பீடியை நான் அப்புறம் தொடவேயில்லை. அந்த முப்பது ரூபாய்க்கு அந்த மனிதர் எனக்கு எதை விற்றார் என்று, மூச்சிரைக்காமல் வரப்பேறும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.