அன்று காலை போடாத மாத்திரை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மயக்க மருத்துவருக்கு அது ஆகாது என்று வீட்டிலேயே சொல்வார்கள்.

பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அன்று முதல் கேஸ், பித்தப்பைக் கல். அந்தியூர்ப் பக்கத்து அம்மா, வயது அறுபதை ஒட்டி. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் வருஷக்கணக்காக ஒரே மாத்திரை.

மேசையில் படுத்தவரிடம், “மாத்திரை ஒழுங்கா போடறீங்கதானுங்கம்மா?” என்றேன்.

“ஒரு நாளும் உடமாட்டனுங்க அம்மணி.”

சர்ஜன் கை கழுவிவிட்டு வந்து, “ஆச்சுங்களா மேடம்?” என்றார். அதற்குள் இரண்டாவது முறை. மூச்சுக்குழாயில் டியூப் இறக்குவதை, பைக்குக்குக் காற்றடிக்கிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆளை மயக்கினாலும், டியூபுக்கு வழி பார்க்க இரும்புக் கருவியால் தொண்டையைத் தூக்கினால் உடம்பு சும்மா இருக்காது. துடிப்பும் அழுத்தமும் ஏறும். அதை அடக்கத்தான் வலிமருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

காத்திருந்தும் எகிறியது. அம்மா மயங்கி, கருவியை உள்ளே விட்டதும் துடிப்பு நூற்றைம்பது, அழுத்தம் இருநூற்று இருபது. அந்த இதயம் எவ்வளவு நேரம் தாங்கும்? கருவியை எடுத்துவிட்டு, முகமூடியால் மூச்சுக் கொடுத்தபடி மயக்கத்தை ஆழமாக்கினேன். துடிப்பைக் குறைக்கும் ஊசியும் போட்டேன்.

“ஆச்சுங்களா?”

“நீங்களே வந்து போடுங்க” என்றேன். எண்கள் இறங்கிய பிறகே டியூப் போட்டேன்.

காலை மாத்திரை உள்ளே போயிருந்தால் இப்படி எகிறியிருக்காது என்று பட்டது. சாயங்காலம் வார்டுக்குப் போய்ப் பார்த்தால், மருந்துச் சீட்டில் காலை மாத்திரை கொடுத்ததாக டிக் இருந்தது. டிக் போட்ட நர்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

“குடுத்தனுங்க மேடம்.”

“பொய் சொல்லாத. குடுக்காமயே டிக் போட்டிருக்கற. அந்தம்மா டேபிள்லயே போயிருந்தா யாரு பதில் சொல்றது?” வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டிலில் இருந்து அம்மா கையைத் தூக்கினார்.

“அந்தப் புள்ளையத் திட்டாதீங்க அம்மணி. குடுத்துதுங்க. அது போனதும் நாந்தான் எடுத்து வெச்சுப்போட்டேன். பச்சத்தண்ணிகூட தொண்டைல எறங்கக்கூடாதுன்னு நேத்து நீங்கதானுங்களே சொல்லிப்போட்டுப் போனீங்க?”

சொன்னவள் நான்தான். மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்பதைச் சொல்ல மறந்தவளும் நான்தான். அன்று காலை போட்டாரா என்றும் மேசையில் கேட்கவில்லை. நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை. அதற்காக என்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்.

அம்மா தலையணைக்கடியில் துழாவி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்து நீட்டினார்.

“இப்பப் போட்டுக்கலாமுங்களா?”